ஏழு பூக்கள்... எட்டாவது யாருக்கு?

1

அந்த அலறல் மேடைக்குப் பின்னால் இருந்து வந்தது.

ஒலிக்கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இருவரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஜார்ஜியாவின் திபிலிசியில் நாற்பது நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியின் இறுதி நாள். காலை ஏழு மணியிலிருந்து ஆளாளுக்குத் தொண்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் இதைவிட மோசமாகக் கத்தியிருந்தார்கள்.

"ஐஸ்லாந்தா இருக்கும்" என்றான் ஒருவன்.

"ஐஸ்லாந்து முடிஞ்சு அரைமணி ஆச்சுடா."

இரண்டாவது அலறல், சுத்தமான ஜார்ஜிய மொழியில் வந்தது.

"ஐயோ... யாராவது வாங்களேன்... ஆள் விழுந்து கிடக்காரு..."

அரங்கைப் பெருக்கும் நுனு, துடைப்பத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் ஒரு மனிதர் கிடந்தார்.

சரியாக அதே நேரம், எதிர்ச்சாரி உணவகத்தில், இன்ஸ்பெக்டர் மக்வாலா கிகோட்ஸே ஐந்தாவது கின்காலிக் கொழுக்கட்டையின் காம்பைப் பிடித்துத் தூக்கி, உள்ளிருக்கும் கறிச்சாறு சிந்தாமல் உறிஞ்ச வாயைத் திறந்திருந்தாள்.

போன் அடித்தது.

"எடுக்காதீங்க மேடம்" என்றான் எதிரில் இருந்த கான்ஸ்டபிள் பத்ரி. "சாப்பிடும்போது வர்ற போன் எதுவும் நல்லதுக்கு வர்றதில்ல."

மக்வாலா எடுத்தாள். கேட்டாள். வைத்தாள்.

கின்காலியைத் தட்டில் திரும்ப வைத்தபோது அவள் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது.

"யாரு மேடம்?"

"ஓதார் லோமிட்ஸே. நம்ம நாட்டோட பாட்டுக்கு இசை போட்டவரு."

"என்ன ஆச்சு?"

"மேலேருந்து விழுந்துட்டாரு."

"தானாவா?"

மக்வாலா பதில் சொல்லவில்லை. அவளுக்கு அது பழக்கம். குற்றவாளிகள் அவள் கேள்விகளுக்குப் பயந்ததில்லை. கேள்விகளுக்கு நடுவே அவள் விடும் இடைவெளிக்குத்தான் பயந்தார்கள்.

2

மேடைக்கு மேலே ஆறு மீட்டர் உயரத்தில் விளக்குப் பாலம். அதன் நேர் கீழே சுருட்டிப் போட்டிருந்த கறுப்புத் திரைச்சீலை. அதன்மேல் மல்லாந்து கிடந்தார் ஓதார். ஐம்பது வயது. வெள்ளை மீசை. இடது கை போகக்கூடாத திசையில் மடங்கியிருந்தது.

அவர் பக்கத்தில், நூலால் கட்டிய சிவப்புக் கார்னேஷன் பூக்கள்.

பத்ரி குனிந்து அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"போயாச்சு மேடம்."

பிறகு பூக்களை எண்ணினான்.

"எட்டு... மேடம், எட்டு இருக்கு."

உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பது ஒற்றைப்படை. செத்தவருக்கு வைப்பது இரட்டைப்படை. திபிலிசியில் பால்பல் விழாத குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

"தள்ளிவிட்டவனே மரியாதையும் பண்ணிட்டுப் போயிருக்கான். இந்தக் காலத்துல இப்படி ஒரு கொலைகாரனைப் பார்க்க முடியாது மேடம்."

மக்வாலா ஓதாரின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பத்ரி இரண்டு முறை செருமினான்.

எழுந்தாள்.

"ஆம்புலன்ஸ் எங்க?"

"பின்வாசல்ல நிக்குது. இனிமே எதுக்கு மேடம் ஆம்புலன்ஸ்?"

"நானே ஏத்தி விடறேன். நீ உள்ள போய் எல்லார்கிட்டயும் சொல்லிடு. ஆள் போயாச்சுன்னு."

"பாலத்துல இடுப்பு உயரத்துக்குக் கம்பி இருக்கு. தடுக்கி விழ முடியாது" என்றான் பத்ரி, மேலே பார்த்தபடி.

"தெரியுது."

"அப்போ கொலை."

"அதை மட்டும் இப்போ சொல்லாத."

3

பாடகி தேக்லாவின் ஒப்பனை அறையில் மூன்று பேர் இருந்தார்கள்.

தேக்லா. இருபத்தாறு வயது. பாதி ஒப்பனையோடு அழுததில் கன்னம் முழுக்கக் கறுப்புக் கோடு.

ஜார்ஜியக் குழுவின் தலைவர் ராமாஸ் த்வாலிஷ்விலி. நீலக் கோட்டு, அகலமான தோள். அடுத்த மாதத் தேர்தலில் வேட்பாளர். ஊர்ச் சுவரொட்டிகளில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இங்கே அழுதுகொண்டிருந்தார்.

மூன்றாவது, போட்டியின் விதிமுறை அதிகாரி யென்ஸ். டென்மார்க்காரர். ஒல்லியாக, ஒரு ஃபைலைப் பிடிக்கவே பிறந்தவர் போல இருந்தார்.

"என் தம்பி மாதிரி" என்றார் ராமாஸ். "காலைலகூட பார்த்தேன். சிரிச்சிட்டிருந்தான்."

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் யென்ஸ். "ஆனா விதிப்படி நான் கேட்டாகணும். ஜார்ஜியா பாடுமா, விலகிக்குமா?"

"பாடும்" என்றாள் தேக்லா.

அந்த ஒரு வார்த்தை வந்த வேகத்தில் மக்வாலா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாடட்டும்" என்றார் ராமாஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஓதாருக்காகப் பாடட்டும். டோலி மேளம் ஏற்கனவே ஒலிப்பதிவுல இருக்கு. மேடைல அவன் சும்மா வாசிக்கற மாதிரி நின்னா போதும்னுதான் இருந்தது. யாரும் நிக்க வேண்டாம். பொண்ணு தனியா பாடட்டும். பூக்களை நானே எடுத்துக் குடுக்கறேன்."

"பூக்களா?" என்றாள் மக்வாலா.

யென்ஸ் ஃபைலைப் புரட்டினார். "பாட்டோட முடிவுல ஏழு பூக்களை ஒவ்வொண்ணா மேடைல வைப்பாங்க. காத்திருக்கற காதலியோட ஏழு வருஷம். அனுமதி குடுத்தாச்சு. பாட்டை ஒவ்வொரு வரியா மொழிபெயர்த்துப் படிச்சோம். அரசியல் இல்ல. கொடி இல்ல, கோஷம் இல்ல, ஆள் பேர் இல்ல. ஏதாவது இருந்தா, ஒரு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சாலும் பாட்டை நீக்கிடுவோம்."

"ரொம்ப கறாரா இருக்கீங்களே."

"போன வருஷம் ஒரு நாட்டுக்காரர் தன் சட்டைப் பித்தானை வெச்சே எதிர்க்கட்சிக்குப் பிரசாரம் பண்ணாரு மேடம். அப்போலேருந்து பித்தானையும் எண்ணறோம்."

மேசைமேல் ஒரு கொத்து மஞ்சள் துலிப் பூக்கள் கிடந்தன. பத்ரி ஓசைப்படாமல் எண்ணினான். அவன் முகம் மாறியது.

"இது யாரு குடுத்தது?"

"நான்தான்" என்றார் யென்ஸ். "ஒரு டஜன்."

"பன்னிரண்டு" என்றான் பத்ரி, மக்வாலாவின் காதில். "மேடம், இந்தாளு அந்தப் பொண்ணையும் முடிக்கப் பாக்கறான்."

"வாயை மூடு."

ராமாஸும் யென்ஸும் வெளியே போனார்கள். கதவு மூடியது. மக்வாலா பையிலிருந்து எட்டுக் கார்னேஷன்களையும் எடுத்துத் தேக்லாவின் முன்னால் வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

வெளியே யாரோ போர்ச்சுகீசிய மொழியில் காதலை உச்சஸ்தாயிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏதாவது கேளுங்கக்கா" என்றாள் தேக்லா. "இப்படிப் பார்க்காதீங்க."

மக்வாலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேக்லா உடைந்தாள்.

"எட்டாவது என் அண்ணனுக்கு."

4

"ஷாவிக்வா சுரங்கம் இடிஞ்சது தெரியும்தானே?"

"தெரியும். ஏழு வருஷம் ஆச்சு. ஏழு பேரு."

"எட்டுப் பேருக்கா."

பத்ரி நிமிர்ந்தான்.

"மூடிப்போட்ட குழிக்குள்ள ஆளை இறக்கக்கூடாதுன்னு சட்டம். என் அண்ணன் கேலாவை அங்கதான் இறக்கினாங்க. வெளிய தெரிஞ்சா மேனேஜருக்கு ஜெயில். அதனால அவன் அன்னிக்கு வேலைக்கே வரலைன்னு பதிவேட்டுல எழுதிட்டாங்க. பத்து நாள் கழிச்சு எங்கம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. போலந்துக்கு வேலைக்குப் போறேன்னு."

"அண்ணனோட கையெழுத்தா?"

"டைப் அடிச்ச கடிதம். என் அண்ணனுக்கு டைப் அடிக்கத் தெரியாது. போலந்து எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எங்கம்மா இன்னும் நம்பறா. போன் அடிச்சா ஓடறா. அவனுக்கு நாற்பதாம் நாள் சடங்குகூட நாங்க வைக்கல. எப்படி வைக்கறது? அவன்தான் சாகவே இல்லையே."

"மேனேஜர் யாரு?"

"இப்பதான் அழுதுட்டுப் போனாரே."

பத்ரி மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ராமாஸுக்கு நீ யாருன்னு தெரியாதா?"

"எனக்கு மேடைப் பேரு வேற. என் பின்கதையை எவன் கேட்டான்? குரலைக் கேட்டாங்க, எடுத்துக்கிட்டாங்க. ஓதார் மாமாவுக்கு மட்டும் தெரியும். அந்த ஏழு பேர்ல ஒருத்தர் அவரோட மச்சினன். பாட்டோட முடிவுல டோலி எட்டு அடி அடிக்கும். ஒத்திகைல நான் ஏழு பூ வைப்பேன். எட்டாவது அடிக்குத் தலை குனிஞ்சு நிப்பேன். இன்னிக்கு எட்டாவது அடிக்கு மாமா டோலிக்குள்ளேருந்து ஒரு பூவை எடுத்துப் போடறதா இருந்தது. இந்த எட்டையும் மாமாதான் காலைல கட்டி வெச்சிருந்தாரு. அவ்வளவுதான்."

"மேடைல எட்டுப் பூ" என்றான் பத்ரி மெதுவாக. "வெளிநாட்டுக்காரனுக்கு அது ஒரு பூ ஜாஸ்தி. நம்ம ஊர்ல டிவி பாக்கறவன் ஒவ்வொருத்தனுக்கும்..."

"சமாதி" என்றாள் தேக்லா. "எங்கம்மாவுக்கும். டிவில பார்த்தா அவ நம்புவா. நான் சொன்னாத்தான் நம்ப மாட்டேங்கறா."

மக்வாலா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். எதிர்ச்சுவரில் ராமாஸ் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொலை முயற்சிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. காரணத்தை அறிக்கையில் எழுதினால் அது யென்ஸின் மேசைக்குப் போகும். போன அடுத்த நிமிடம் பாட்டு நீக்கப்படும். கேலா இன்னும் ஏழு வருடம் போலந்தில் இருப்பான்.

எழுதாவிட்டால், ராமாஸ் ஆறு மணிக்கு மேடை ஓரத்தில் நின்று ஏழு பூக்களை எண்ணிக் கொடுப்பார்.

"ஓதார் உயரத்துக்குப் பயப்படுவாரா?" என்றாள்.

"பல்பு மாத்தவே நாற்காலி மேல ஏற மாட்டாருக்கா."

"அப்போ யாரோ மேல கூப்பிட்டிருக்காங்க. தனியா பேசலாம்னு."

"ராமாஸ்தான். அதுல என்ன சந்தேகம்?" என்றான் பத்ரி.

"சந்தேகம் இல்ல. ஆதாரம் இல்ல. அவர் பத்தரை மணிக்கு வாசல்ல டிவிக்குப் பேட்டி குடுத்தேன்னு சொல்வாரு. அரைமணி நேரத்துல அஞ்சு நிமிஷம் காணாமப் போனதை எவன் பார்த்தான்? வா. ஓதாரோட அறையைப் பார்ப்போம்."

5

ஓதாரின் அறை சின்னது. ஒரு டோலி மேளம். ஆணியில் மாட்டிய கறுப்புச் சோக்கா உடை. பாதி கடித்த ரொட்டி.

கண்ணாடி முன்னால் குவளையில் வெள்ளை ரோஜாக்கள். பச்சை ரிப்பனால் இறுக்கிக் கட்டியிருந்தது.

பத்ரி எண்ணினான். மறுபடி எண்ணினான். பிறகு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"நாலு."

"நல்லா பார்த்தியா?"

"நாலுதான் மேடம். முடிச்சைக்கூட யாரும் தொடல. கட்டும்போதே நாலுதான்." அவன் கண் பளபளத்தது. "நான் அப்பவே சொன்னேன்ல. அந்த டென்மார்க்காரன். நம்ம கணக்கு தெரியாதவன் அவன் ஒருத்தன்தான்."

யென்ஸ் வரவழைக்கப்பட்டார்.

"ரோஜாவா? நான் துலிப் மட்டும்தான் வாங்கினேன். அதுவும் பாடகிக்கு மட்டும். இசையமைப்பாளருக்கு ஏன் பூ?"

"ஏன் பன்னிரண்டு வாங்கினீங்க?" என்றான் பத்ரி.

"பூ டஜன் கணக்குலதானே வாங்குவாங்க."

"முட்டை வாங்குவாங்க சார் டஜன்ல. எங்க ஊர்ல பன்னிரண்டு பூவைப் பொண்ணுக்குக் குடுத்தா, அவங்க அப்பா சவப்பெட்டிக்கு அளவு எடுக்க வந்தீங்களான்னு கேப்பாரு."

யென்ஸின் முகம் வெள்ளை மேசைத் துணியின் நிறத்துக்கு வந்தது. "அதனாலதான் அந்தப் பூக்காரம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு ஆறுதல் சொன்னாங்களா?"

மக்வாலா அவரை அனுப்பிவிட்டுத் தேக்லாவைக் கூப்பிட்டாள்.

"இந்த ரோஜா யாரு வெச்சது?"

"ராமாஸ். காலைல ஒன்பது மணிக்கு எல்லார் ரூமுக்கும் அவரே கையால கட்டிக் கொண்டுவந்து வெச்சாரு. வாக்கு சேகரிக்கற பழக்கம் விடல. எனக்கு அஞ்சு. மேக்கப் அக்காவுக்கு மூணு. உடை பாக்கற அண்ணனுக்கு மூணு." அவள் குவளையைப் பார்த்தாள். "இதுல... நாலா?"

"ஒன்பது மணிக்கு" என்றாள் மக்வாலா.

"ஆமா."

"ஓதார் விழுந்தது பத்தே முக்காலுக்கு."

மூவரும் ரோஜாக்களைப் பார்த்தார்கள்.

ஒரு மனிதன் காலையில் உட்கார்ந்து பூக்களைப் பிரிக்கிறான். மனம் வேறு எங்கோ இருக்கிறது. எண்ணுவது கைதான். அந்தக் கைக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே பாடம். இருப்பவருக்கு இத்தனை, இல்லாதவருக்கு இத்தனை. பாடகியின் முறை வருகிறது, கை ஐந்து எடுக்கிறது. ஒப்பனைக்காரியின் முறை, மூன்று எடுக்கிறது. ஓதாரின் முறை வருகிறது...

"கைக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு" என்றாள் மக்வாலா.

6

மாலை ஐந்தேகால். போட்டி ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜார்ஜியா பதினோராவது.

ராமாஸ் ஓதாரின் அறைக்குள் வந்தார். கையில் முத்திரை ஒட்டிய பெட்டி. அதற்குள் புதிதாக வாங்கிய ஏழு கார்னேஷன்கள்.

"கூப்பிட்டீங்களாமே மேடம். சீக்கிரம் சொல்லுங்க. பொண்ணு தவிச்சிட்டிருக்கா."

மேசைமேல் நான்கு குவளைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை ரிப்பன்.

"எண்ணுங்க" என்றாள் மக்வாலா.

"என்ன விளையாட்டு இது?"

மக்வாலா பேசவில்லை.

ராமாஸ் சிரித்தார். பிறகு எண்ணினார். ஐந்து. மூன்று. மூன்று. நான்காவது குவளையில் அவர் உதடு அசைந்தது, நின்றது.

அந்த இடைவெளியில் மேடையிலிருந்து கைதட்டல் கேட்டது.

"ஏதோ அவசரத்துல கட்டியிருப்பேன்" என்றார் ராமாஸ். "எனக்குக் கணக்கு தப்பிப்போச்சு. எங்க குழுவுல யாருக்குமே கணக்கு வராது."

"உங்களுக்கு இது ரெண்டாவது தடவை."

"புரியல."

"சுரங்கத்துல எட்டு ஏழாச்சு. இங்க மூணு நாலாச்சு."

ராமாஸின் சிரிப்பு மட்டும் முகத்திலேயே தங்கிவிட்டது, சுவரொட்டியில் இருப்பது போல.

"மேடம், நாலு ரோஜாவைக் கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. ஜட்ஜ் சிரிப்பாரு. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஓதார் தடுமாறி விழுந்தான். நான் வாசல்ல இருந்தேன். இல்லைன்னு சொல்ல சாட்சி யாரு?"

"சாட்சி இல்லதான்" என்றான் பத்ரி, சோர்வாக. "அதைத்தான் நானும் மத்தியானத்துலேருந்து சொல்லிட்டிருக்கேன் மேடம். செத்தவரா வந்து சொல்லப் போறாரு?"

மக்வாலா போனை எடுத்தாள். எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி, மேசைமேல் ரோஜாக்களுக்கு நடுவே வைத்தாள்.

மறுமுனையில் முதலில் மூச்சு கேட்டது. பிறகு ஒரு குரல். தேய்ந்துபோன, ஆனால் கடுப்பான குரல்.

"ராமாஸ்... பாவி... காலைல நான் எட்டுப் பூ கட்டறதைப் பார்த்துட்டு, மேல வாடா, தனியா பேசலாம்னு கூப்பிட்டியே. பேசினியா? பூவைக் குடுன்னு பிடுங்கினே. நான் குடுக்கல. தள்ளிட்டே. ரெண்டு காலும் ஒரு கையும் போச்சுடா. நல்லவேளை, வாய் நல்லா இருக்கு."

பெட்டி ராமாஸின் கையிலிருந்து நழுவியது. பத்ரி அதைப் பிடித்தான். அவன் வாயும் திறந்தேதான் இருந்தது.

"மேடம்... ஆள் போயாச்சுன்னு..."

"நீதான் சொன்னே. ஒடிஞ்ச கைல நாடி பார்த்துட்டு."

"நீங்களும்தானே சொல்லச் சொன்னீங்க!"

"ஆமா. உயிரோட இருக்காருன்னு தெரிஞ்சா, ஆஸ்பத்திரிக்கும் யாராவது பூ எடுத்துட்டுப் போவாங்க. நாலு மணி வரைக்கும் அவருக்கு நினைவு வரல. அதுவரைக்கும் அவர் செத்தே இருக்கட்டும்னு விட்டேன்."

"என்கிட்டகூடச் சொல்லலையே."

"உன்கிட்ட சொன்னா கின்காலிக் கடைக்கும் தெரிஞ்சிடும்."

ராமாஸ் கதவைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

"பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போங்க" என்றாள் மக்வாலா. "யாராவது கேட்டா தலைவருக்கு மயக்கம்னு சொல்லுங்க."

போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா, இன்ஸ்பெக்டர்... டோலி யாரு வாசிக்கறது?"

மக்வாலா பத்ரியைப் பார்த்தாள்.

"மேடம், வேண்டாம்."

"உன் மச்சினன் கல்யாணத்துல மூணு நாள் வாசிச்சேன்னு பெருமையடிச்சுக்கிட்டியே."

"அது கல்யாணம் மேடம். இது பதினெட்டுக் கோடி பேரு பாக்கறாங்க."

"பதிவுல மேளம் இருக்கு. நீ சும்மா தட்டு. எட்டாவது அடிக்கு மட்டும் வேலை."

பையிலிருந்து ஒரே ஒரு கார்னேஷனை உருவி அவனிடம் நீட்டினாள்.

"இது சாட்சிப் பொருள் மேடம். எட்டுன்னு எழுதி வெச்சிருக்கேன்."

"தெரியும். நாளைக்குக் காலைல எட்டும் இருக்கும். மேடையைப் பெருக்கறது நுனுதான்."

7

ஆறு மணி நான்கு நிமிடம். மேடை ஓரத்தில் தேக்லா வெள்ளை உடையில் நின்றாள். அவள் கண்கள் டோலியைத் தேடின.

ஓதாரின் சோக்காவில், மூன்றாவது பித்தானுக்கு மேல் மூச்சுவிட முடியாமல் பத்ரி நின்றிருந்தான்.

"அக்கா, ராமாஸ் எங்க?"

"மயக்கம்."

"மாமா..."

மக்வாலா குனிந்து அவள் காதில் நான்கு வார்த்தை சொன்னாள். தேக்லா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத. மறுபடி மேக்கப் போட நேரம் இல்ல."

யென்ஸ் வந்தார். பெட்டியின் முத்திரையைப் பார்த்தார். உடைத்தார். எண்ணினார்.

"ஏழு. சரி. புது மேளக்காரர் சம்பந்தமா படிவத்துல கையெழுத்து இருக்கா? இருக்கு. சோக்காவுல பித்தான் எத்தனை?"

"எண்ணுங்க சார்" என்றான் பத்ரி. "ஒண்ணு இப்பவே தெறிச்சிடும்."

மேடை இருண்டது. பாட்டு ஆரம்பித்தது.

மக்வாலாவுக்கு இசை தெரியாது. ஆனாலும் அந்தப் பெண் பாடும்போது ஒரு வாசல் தெரிந்தது, அதில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது, போன் அடித்தால் ஓடுவது தெரிந்தது. பாட்டில் அந்த வார்த்தைகள் எதுவும் இல்லை. யென்ஸ் வரிவரியாகப் படித்தும் அவருக்குக் கிடைக்கவில்லை.

பாட்டு முடிந்தது. டோலி மட்டும் மிச்சம்.

ஓர் அடி. ஒரு பூ.

இரண்டு. மூன்று.

அரங்கில் இருந்த உள்ளூர்க்காரர்கள் அசையாமல் பார்த்தார்கள்.

நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு.

தேக்லாவின் கை காலியானது. அவள் தலை குனிந்தாள்.

எட்டாவது அடி விழுந்தது. டோலியின் உள்ளிருந்து ஒரு சிவப்புக் கார்னேஷன் எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற ஏழின் பக்கத்தில் விழுந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். அழகான முடிவு என்று நினைத்தார்கள்.

ஜார்ஜியக்காரர்கள் கைதட்டவில்லை. முதல் வரிசையில் ஒரு கிழவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அடுத்து அவர் பின்னால் இருந்தவர். பிறகு ஒரு வரிசை. பிறகு மாடம் முழுக்க. ஐயாயிரம் பேர் ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து நின்றார்கள்.

மக்வாலாவுக்கு மௌனம் புதிதில்லை. இவ்வளவு பெரிய மௌனத்தை அவளும் கேட்டதில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் தேக்லாவின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். மறுமுனையில் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது. பிறகு ஓர் அழுகை, ஏழு வருடம் அடைத்துவைத்த அழுகை.

"ஆமாம்மா" என்றாள் தேக்லா. "ஆமா... இனிமே நாற்பதாம் நாள் வைக்கலாம்மா."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

யென்ஸ் ஃபைலோடு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"ஒத்திகைல ஏழு. இப்போ எட்டு. எல்லாரும் ஏன் எழுந்து நின்னாங்க? இதுல ஏதாவது செய்தி இருக்கா? விதிமுறைப்படி நான் எழுதியாகணும். ஏன் எட்டு?"

மக்வாலா வழக்கம்போலப் பேசாமல் இருந்தாள்.

பத்ரி டோலியைத் தோளிலிருந்து இறக்கினான். வியர்வையைத் துடைத்தான். அந்த நேரம் பார்த்து அவன் நெஞ்சிலிருந்து ஒரு பித்தான் தெறித்து யென்ஸின் ஷூவில் விழுந்தது.

"எழுதிக்கோங்க சார். எங்க தலைவரே இன்ஸ்பெக்டர் முன்னாடி வாக்குமூலம் குடுத்திருக்காரு... எங்க குழுவுல யாருக்குமே கணக்கு வராது."